கூரையும் சுவரும் சந்திக்கும் இடம்

(மட்டக்களப்பில் கட்டடத் தொழில் பயிலும் இளைஞர்கள் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வாவியின் இந்தப் பக்கம் எழுவான்கரையிலும் அந்தப் பக்கம் படுவான்கரையிலும் முப்பது வருடத்துக்கு மேலாகக் கூரைகளில் ஏறி இறங்கியவன் நான். ஒழுகுகிற வீடு என்று கூப்பிட்டால் போய்ப் பார்ப்பேன். தகட்டின் நடுவில் ஒழுகிய வீடு மிகக் குறைவு. சுவரின் நடுவால் தண்ணீர் வந்த வீடும் குறைவு. தகடு சுவரைத் தொடுகிற இடம், யன்னல் சட்டம் சாந்தைத் தொடுகிற இடம், ஆணி தகட்டைத் துளைத்த இடம், இரண்டு கூரை சேர்ந்து பள்ளமாகிற இடம், தண்ணீர் இவற்றால்தான் உள்ளே வருகிறது.

ஏன் அந்த இடங்களில் மட்டும் என்று பல காலம் யோசித்திருக்கிறேன். மேசனிடம் கேட்டால், "சுவர் என்னுடைய வேலை, அது நேராக நிற்கிறது, கூரையை ஓடாவியிடம் கேளுங்கள்" என்பார். ஓடாவியிடம் கேட்டால், "தகடு சரியாகத்தான் போட்டிருக்கிறேன், சுவரோரத்தை மேசன் பூசி அடைக்க வேண்டும்" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். இரண்டு தொழில் சந்திக்கிற இடத்துக்கு ஒரு தொழிலாளி இல்லை. ஆணி, பிணைச்சல், பசை, சிலிக்கோன், தகட்டுப் பட்டி ஆகியவையெல்லாம் அந்த ஆளில்லாத இடத்தில்தான் கிடக்கின்றன. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த இடத்தைப் பற்றி மட்டும்.

1978 நவம்பர் 23, ஒரு வியாழக்கிழமை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை இங்கே இருக்கிற பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் போயின. தென்னந்தோப்புகள் சீவினாற்போல் கிடந்தன. விடிந்ததும் எங்கள் அப்பா கூரைத் தகரத்தைத் தேடிப் போனார், நான் பின்னால் போனேன். இரண்டு வளவு தள்ளி, ஒரு பூவரச மரத்தடியில் எங்கள் தகரம் கிடந்தது. தகரம் மட்டும் அல்ல, சலாகைகளும் அதோடு சேர்ந்தே கிடந்தன. ஆணிகள் எல்லாம் தகரத்தையும் சலாகையையும் கெட்டியாகப் பிடித்தபடியே இருந்தன. அப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். தகரத்தைச் சலாகையோடு பிணைக்க அவர் நல்ல ஆணி வாங்கியிருந்தார். சலாகையைக் கைமரத்தோடு பிணைத்ததோ மெல்லிய ஒற்றை ஆணி. காற்று அங்கே கழற்றிவிட்டது.

அந்தச் சூறாவளிக்குப் பிறகு அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. உள்ளூராட்சி, வீடமைப்பு, நிர்மாணத்துறை அமைச்சு 1980 இல் பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களை வடிவமைப்பதற்கான ஒரு கைநூலை வெளியிட்டது. இலங்கையை மூன்று காற்று வலயங்களாக அது பிரித்தது. நம்முடைய கிழக்குக் கரை முதலாவது வலயம். இங்கே ஒரு சாதாரணக் கட்டடம் நொடிக்கு 49 மீற்றர் வேகக் காற்றைத் தாங்கும்படி கட்டப்பட வேண்டும் என்றது அந்தக் கைநூல். மூன்றாவது வலயத்துக்கு 33 மீற்றர் சொச்சம்தான். ஆக, கொழும்பிலே கூரை போட்டுப் பழகிய ஒருவர் அதே ஆணியை அதே இடைவெளியில் இங்கே அடித்தால் அது போதாது.

49 மீற்றர் என்றால் மணிக்கு 176 கிலோமீற்றர். அந்த வேகத்தில் வருகிற காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 கிலோ பாரத்துக்குச் சமம். இன்றைய மெல்லிய தகடு ஒரு சதுர மீற்றருக்கு ஐந்து கிலோகூட இராது. கூரையின் மேலால் ஓடுகிற காற்று அதை அமுக்குவதில்லை, மேலே உறிஞ்சி இழுக்கிறது. தாவாரத்திலும் முகட்டிலும் மூலைகளிலும் அந்த உறிஞ்சல் இன்னும் அதிகம். நாமெல்லாம் கூரையைச் சுவர் தாங்குகிறது என்று நினைக்கிறோம். மாரியிலே ஒரு சில மணி நேரம் நிலைமை தலைகீழ். அப்போது வீடு கூரையைத் தாங்க வேண்டியதில்லை, அது பறக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிடிப்பது ஒரு சங்கிலி. தகட்டைத் திருகாணி பிடிக்கிறது, திருகாணியைச் சலாகை, சலாகையைக் கைமரம், கைமரத்தைச் சுவர் வளை, வளையைச் சுவர். எங்கே மெலிந்ததோ அங்கே அறும். சலாகைக்கும் கைமரத்துக்கும், கைமரத்துக்கும் வளைக்கும் இடையில் ஆணியை மட்டும் நம்பாதீர்கள். நாகம் பூசிய இரும்புப் பட்டியை மரத்தைச் சுற்றி மடித்து இரு பக்கமும் அறைந்து இறுக்குங்கள். நேராக இழுத்தால் ஆணி உருவும். பக்கவாட்டில் இழுத்தால் உருவாது. பட்டி செய்வதெல்லாம் இழுப்பைப் பக்கவாட்டுக்குத் திருப்பிவிடுவதுதான். வளையைச் சுவரோடு கட்ட, சுவரின் தலையைச் சுற்றி வருகிற சீமெந்து வளையத்தை ஊற்றும்போதே கம்பியைப் புதைத்துவிட வேண்டும். அதற்கு ஓடாவி மேசனிடம் முன்கூட்டியே போய்ச் சொல்ல வேண்டும். சுவர் எழும்பிய பிறகு சொல்லி வேலையில்லை.

தகட்டை எந்தப் பக்கமிருந்து போடத் தொடங்குவது? நமக்கு மழை வாடைக் காற்றோடு வடகிழக்கிலிருந்து வருகிறது. அதனால் தென்மேற்கு முனையிலே முதல் தகட்டை வையுங்கள். அடுத்ததை வடகிழக்குப் பக்கமாக, முந்தியதன் விளிம்பை மூடும்படி போட்டு வாருங்கள். மேல் தகட்டின் ஓரம் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும், மழை அதன் கீழே புகாது. கிடுகு வேய்ந்த நம் பாட்டன்மாருக்கு இதை யாரும் வகுப்பு வைத்துச் சொல்லவில்லை. தாவாரத்திலே தொடங்கி முகட்டை நோக்கிப் போவார்கள், மேல் கிடுகு கீழ்க் கிடுகை மூடும். மீன் செதிலைப் பாருங்கள், அதே ஒழுங்கு.

நெளித் தகட்டிலே திருகாணி நெளியின் மேட்டில் இறங்க வேண்டும், தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் அல்ல. தலைக்குக் கீழே இருக்கிற இறப்பர் வாசரைக் கவனியுங்கள். குறைய இறுக்கினால் இடுக்கு இருக்கும். கூட இறுக்கினால் இறப்பர் நசுங்கி வெளியே பிதுங்கி, இரண்டு வெயிலிலே வெடித்துப் போகும். வாசர் தகட்டோடு சமமாக உட்கார்ந்து, இரும்பு மூடியின் விளிம்பிலே இறப்பர் நூலளவு தெரிந்தால் அதுதான் கணக்கு. மெசினின் விசையைக் குறைத்து வைத்து, கடைசித் திருப்பைக் கையாலே உணர்ந்து கொடுங்கள். வேலை முடிந்ததும் இன்னொரு காரியம் இருக்கிறது, பெரும்பாலும் அதை யாரும் செய்வதில்லை. துளைக்கும்போது சிந்திய இரும்புத் துகளைத் தும்புத்தடியால் கூட்டித் தள்ளிவிட்டு இறங்குங்கள். விட்டால் அடுத்த நாள் பனியிலேயே துகள் துரு ஏறும், புள்ளி புள்ளியாகத் தகட்டைத் தின்னும்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீற் உள்ள வீடுகள் நம்மிடம் ஏராளம். அவற்றை மெசினால் அறுக்கவோ காய்ந்தபடி துளைக்கவோ வேண்டாம். தண்ணீர் தெளித்து நனைத்து, கைத் துளைக்கருவியால் செய்யுங்கள், சரியான முகக்கவசம் கட்டுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் போய் இருந்தால் இருபது முப்பது வருடம் கழித்துத்தான் கணக்குக் கேட்கும்.

இனி உப்புக்கு வருவோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவிலே ஒரு மணல் நாடா. கல்லடியிலும் நாவலடியிலும் ஆரையம்பதியிலும் வீடு கட்டுகிற நாம் உப்புக் காற்றுக்குள்ளேதான் கட்டுகிறோம். இதிலே உலோகத்தின் குணம் தெரியாமல் பிணைச்சல் பூட்டக் கூடாது. இரண்டு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டு, நடுவிலே உப்பு ஈரமும் இருந்தால் ஒன்று மற்றதைத் தின்னும். பித்தளைப் பிணைச்சலுக்குச் சாதாரண இரும்புத் திருகாணி போட்டால், பெரிய பித்தளை சின்ன இரும்பைத் தின்றுவிடும். வெளியே பிணைச்சல் பளபளவென்று இருக்கும். மரத்துக்குள்ளே திருகாணி பொடியாகியிருக்கும், ஒரு நாள் கதவு கையோடு வரும். பித்தளைக்குப் பித்தளையே போடுங்கள். துருப்பிடிக்காத உருக்கு வாங்கினால் 304 என்ற வகையும் 316 என்ற வகையும் உண்டு. கடற்கரை வீட்டுக்கு மொலிப்டினம் கலந்த 316 தான் நிற்கும். விலை கூடத்தான். ஆனால் ஒரு வீட்டுக்கு எத்தனை பிணைச்சல் வேண்டும், எண்ணிப் பாருங்கள்.

நம் ஊர் முதிரை மரம் இரும்பு மாதிரி. அதிலே பித்தளைத் திருகாணியை நேரே திருகினால் தலை திருகி அறும். முதலில் அளவாகத் துளையிடுங்கள். அதே பருமனான இரும்புத் திருகாணியைச் சவர்க்காரத்தில் தோய்த்து ஒரு முறை ஏற்றி இறக்குங்கள். அது வழி வெட்டிக் கொடுக்கும். பிறகு பித்தளையை அந்த வழியே அனுப்புங்கள், வழுக்கிக்கொண்டு போகும். இதை எனக்குக் காட்டித் தந்தவர் காத்தான்குடியைச் சேர்ந்த ஒரு வயதான ஓடாவி. காட்டித் தந்த பிறகு என் கையைப் பிடித்து, திருகாணியின் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும்படி திருப்பி வைக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "பிறகு ஒன்று தளர்ந்தால் பார்த்தவுடனே தெரியும், மகன்" என்றார்.

பசை, அடைப்பான் என்றால் புதுமை என்று நினைக்கிறோம். தோணியின் பலகை இடுக்கிலே நாரைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயிலே காய்ச்சி ஊற்றிக் கலப்பத்துப் பார்த்தவர்கள் இந்த வாவிக் கரையில் இருந்தார்கள். நார் ஏன் வைத்தார்கள்? பசை மட்டும் இருந்தால் இடுக்கின் ஆழத்துக்கெல்லாம் இறங்கி வீணாகும், பலகை அசைந்தால் கிழியும். இன்றைக்குச் சுவர் இடுக்கிலே நுரைக் கயிறு வைத்து அதன் மேல் சிலிக்கோன் இழுக்கிறோமே, அது அந்த நாரின் பேரப்பிள்ளைதான். அடைப்பான் இரண்டு கரையை மட்டும் பிடிக்க வேண்டும். அடியையும் சேர்த்துப் பிடித்தால் இடுக்கு விரியும்போது அதற்கு நீள இடமில்லாமல் கிழிந்துவிடும். ஆழம் அகலத்தில் பாதி இருந்தால் நல்லது.

கடையிலே "ஒரு சிலிக்கோன் தாங்க" என்று கேட்காதீர்கள். எது, எதற்கு என்று கேளுங்கள். வினாகிரி மணம் வருகிற வகை கண்ணாடிக்கும் குளியலறை ஓட்டுக்கும் நல்லது. சீமெந்துச் சுவரிலே அது பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். கூரைத் தகட்டுக்கு மணமில்லாத நடுநிலை வகை வேண்டும். சிலிக்கோனின் மேல் பெயின்ற் நிற்காது. பெயின்ற் அடிக்க வேண்டிய வெளிச்சுவர் வெடிப்புக்கு பொலியூரித்தேன் வகையை எடுங்கள். எதுவானாலும், பூசுகிற இடம் காய்ந்து, தூசியில்லாமல் இருக்க வேண்டும். ஒழுகுகிறது என்று மழை விட்ட அரை மணி நேரத்தில் ஏறி ஈரத்தின் மேல் பூசிவிட்டு வருகிற வழக்கத்தை இந்தத் தலைமுறையோடு விட்டுவிடுங்கள்.

பிவிசி குழாய்க்குப் பூசுவதைக் கம் என்கிறோம். அது ஒட்டுவதில்லை, குழாயின் தோலைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக உருக்குகிறது. அதனால் வெட்டிய வாயின் பிசிறை எடுத்து, எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று கோடு போட்டு, இரு பக்கமும் பூசிக் கால் திருப்புத் திருப்பிச் செருகி, அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் குழாய் தானே பின்வாங்கும்.

அலுமினிய யன்னலைப் பற்றி ஒன்று மட்டும். கீழ்ச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே சேர்கிற மழைத் தண்ணீர் வெளியேற வைத்த வழி அது. "ஐயோ, ஓட்டை" என்று அதையும் சிலிக்கோனால் அடைத்துவிட்டுப் போன யன்னல்களை நான் எண்ணிக்கையில்லாமல் பார்த்திருக்கிறேன். அடைபட்ட தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. எதை அடைக்கக் கூடாது என்று தெரிவதும் இந்தத் தொழிலில் பாதி.

இப்போது, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சுனாமிக்குப் பிறகு 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இந்தக் கரை முழுவதும் ஒரே நேரத்தில் வீடு எழும்பியது. கையிலே தொழில் உள்ள மேசனும் ஓடாவியும் கிடைக்கவில்லை. கரண்டி பிடித்து ஆறு மாதமானவர்களெல்லாம் மேசனானார்கள். நானும் ஒரு குடியேற்றத்தில் கூரை வேலை செய்தேன். அந்த வீடுகளுக்கு முன்னால் ஒரு தாழ்ந்த விறாந்தை. அதன் தகடு வீட்டின் உயர்ந்த சுவரிலே போய் முட்டும். வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஒரு தகட்டுப் பட்டி இருந்தது. பட்டி வந்து சேரவில்லை. திறப்பு விழாவுக்கு நாள் வைத்தாயிற்று. சீமெந்துச் சாந்தை வைத்துச் சரிவாக மெழுகிவிட்டால் போதும் என்றார்கள். மெழுகினேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது.

அந்த மாரியிலே, வேறு வேலைக்கு அந்தப் பக்கம் போனபோது ஓர் அம்மா கூப்பிட்டார். சுவரிலே முழங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை இறங்கியிருந்தது. கட்டிலைச் சுவரை விட்டு இழுத்து நடுவில் போட்டிருந்தார். சுனாமியிலே தப்பிய ஒரே பையில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் காணி அனுமதிப் பத்திரமும் இருந்தன. அந்தப் பையைச் சுவரிலே ஆணியடித்து மாட்டியிருந்தார். கடல் விட்டுவைத்த காகிதத்தை நான் மெழுகிய இடத்தால் வந்த தண்ணீர் நனைத்திருந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்க மனே" என்றுதான் சொன்னார்.

ஏறிப் பார்த்தேன். சாந்து ஒரு பக்கம் சுவரைப் பிடித்திருந்தது, தகட்டை விட்டிருந்தது. நடுவிலே தாள் நுழையும் அளவு இடுக்கு. காரணம் இப்போது எனக்குத் தெரியும். ஆறு மீற்றர் இரும்புத் தகடு, காலைக் குளிருக்கும் நடுப்பகல் வெயிலுக்கும் நாற்பது பாகை வித்தியாசம் இருந்தால் மூன்று மில்லிமீற்றர் வரை நீண்டு சுருங்கும். அலுமினியம் அதைப்போல் இரு மடங்கு. சுவர் அப்படி அசையாது. அசைகிறதையும் அசையாததையும் சாந்தால் ஒட்டினால் முதல் வெயிலிலேயே அது பிரியும். அதோடு ஈரச் சீமெந்தின் காரம் நாகமும் அலுமினியமும் பூசிய தகட்டை அரிக்கும். ஒரே வேலையில் இரண்டு கேடு செய்திருந்தேன்.

சரியான முறை இது. தகடு சுவரைத் தொடுகிற இடத்துக்கு மேலே சுவரில் 25 மில்லிமீற்றர் ஆழத்துக்கு ஒரு காடி வெட்டுங்கள். முதலில் அடிப்பட்டி. அது சுவரில் 150 மில்லிமீற்றர் ஏறி, தகட்டின் மேல் 150 மில்லிமீற்றர் படுத்திருக்கும், தகட்டோடு மட்டும் பிணைந்திருக்கும். பிறகு மேல்பட்டி. அதன் தலை காடிக்குள் மடிந்து சுவரோடு மட்டும் பிணைந்து, அடிப்பட்டியின் முதுகைப் போர்த்திக்கொண்டு தொங்கும். இரண்டுக்கும் நடுவே ஆணி கிடையாது. கூரை தன் பாட்டில் நீளும், சுருங்கும், சுவர் தன் பாட்டில் நிற்கும். பட்டித் துண்டுகள் சேர்கிற இடத்திலே குறைந்தது 100 மில்லிமீற்றர் மேவிப் போடுங்கள், மேவலும் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். கடைசியில் காடியின் வாயைப் பொலியூரித்தேனால் அடையுங்கள். பட்டியைச் சரியாக மடித்திருந்தால் அந்த அடைப்பான் ஒரு நாள் உரிந்து போனாலும் தண்ணீர் உள்ளே வராது. அடைப்பானை மட்டும் நம்பி நிற்கிற இணைப்பு இணைப்பே அல்ல.

அந்த அம்மாவின் வீட்டுக்கு நான் என் செலவில் பட்டி போட்டேன். அந்த வரிசையில் மற்ற வீடுகளுக்கு என்னால் முடியவில்லை. அது இன்றும் என் மனதில் கிடக்கிறது.

இந்தப் பட்டியைக் கடையிலே பிளாசிங் என்கிறார்கள். நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று வேண்டும் என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். விபுலானந்த அடிகள் 1916 இல் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்ற நம் காரைதீவுக்காரர், அறிவியல் கலைச்சொல்லுக்காகவும் உழைத்தவர். அவர் இருந்திருந்தால் ஒரு நல்ல சொல் தந்திருப்பார். எனக்குத் "தண்ணீர்த் தகடு" என்று சொல்லத் தோன்றுகிறது. நீங்கள் எந்தப் பெயரால் அழைத்தாலும் சரி, வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற மதிப்பீட்டுத் தாளில் அதைத் தனி வரியாக எழுதுங்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்திலே ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாக வந்தது, வீட்டுக்காரரே நின்று கட்டினார்கள். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் காசு ஓடி, கூரைக்கு வரும்போது கை வறண்டுவிடும். முதலில் வெட்டுப்படுவது இந்தப் பட்டியும் பிணைச்சலும் திருகாணியும்தான். தனி வரியாக இருந்தால் வெட்டும்போதாவது ஒரு கணம் யோசிப்பார்கள்.

தொழிலைக் கையாலே கற்பிக்கிற மரபு இந்த ஊருக்குப் புதிதல்ல. லூசியானாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கியவர், இங்கே கிழக்குத் தொழில்நுட்ப நிறுவகத்தையும் நடத்தியவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்புகிற வழியில் காணாமற்போனார். எல்லோரும் பல்கலைக்கழகம் போக முடியாத ஒரு காலத்தில், கையிலே தொழில் உள்ள பிள்ளை பட்டினி கிடக்காது என்று நம்பி ஒரு மனிதர் இங்கே உழைத்தார். இன்றைக்குத் தேசியத் தொழில் தகைமை என்று ஏழு படிகள் இருக்கின்றன. சான்றிதழ் இல்லாமல் பழகி வந்த தொழிலாளியும் தன் கைத்திறனைக் காட்டி அதைப் பெறலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் மேசனுக்கு ஒரு பாடத்திட்டம், ஓடாவிக்கு ஒரு பாடத்திட்டம் என்று பிரித்துத்தான் படிக்கிறோம். இந்த நிலையத்தாரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். வாரத்தில் ஒரு நாள் இரு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே சுவரின் முன்னால் நிறுத்துங்கள். மேசன் பிள்ளை காடி வெட்டட்டும், ஓடாவிப் பிள்ளை பட்டி மடிக்கட்டும். பிறகு இடம் மாறிச் செய்யட்டும்.

நாளைக்குக் காலை எட்டு மணிக்கு முதல் நாளை வைத்துக்கொள்வோம். பின்வளவிலே உள்ள கொட்டகைச் சுவரில் நேற்று நானே ஒரு பட்டி போட்டிருக்கிறேன். குழாயும் வாளியும் கொண்டு வாருங்கள். தண்ணீரைக் கீழிருந்து தொடங்க வேண்டும். முதலில் தகட்டின் மேல் ஐந்து நிமிடம், பிறகு பட்டியின் கீழ் விளிம்பில் ஐந்து, பிறகு மேவலில், கடைசியாகக் காடியின் வாயில். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனையும், எங்கே ஒழுகுகிறது என்று பிடிக்க முடியாது. ஒருவர் டோர்ச்சோடு உள்ளே நின்று சுவரைப் பார்க்க வேண்டும். முதல் துளி தெரிந்தவுடன் சத்தம் போடுங்கள். குழாயை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, ஏணியில் ஏறி அந்த இடத்தை நாம் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.